அணை மட்டத்தை யார் வாசிக்கிறார்கள்?

மே மாதம் முடியும் தறுவாயில், நாளிதழ்களின் நெல்லைப் பதிப்பைப் பிரித்ததும் சம்சாரிகளின் கண் தேடுவது ஒரு சின்னக் கட்டத்தை. பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு என்று அணைகளின் பெயர் ஒரு பக்கம் இருக்கும். அன்றைய நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம் மறுபக்கம் இருக்கும். பாபநாசத்தின் உச்ச மட்டம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118 என்பதெல்லாம் இந்தப் பக்கத்தில் பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் மனப்பாடம்.

பாபநாசம் 90 அடி என்று ஒருநாள் அச்சாகிறது என வைத்துக்கொள்வோம். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் வயல் வைத்திருப்பவர் கார் சாகுபடிக்கு விதை ஊறப்போடலாமா என்று யோசிப்பார். ஸ்ரீவைகுண்டம் தென்கால் கடைமடையில் இருப்பவருக்கும் அதே 90 அடிதான். ஆனால் அவர் தன் தலைக்குமேல் இருக்கும் அணைக்கட்டுகளை ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்ப்பார். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் என ஏழு தாண்டித்தான் ஸ்ரீவைகுண்டம். அவர் மடைக்கு வருவது மிச்சத் தண்ணீர். உரக்கடைக்காரர் அந்த எண்ணை வைத்து எத்தனை மூட்டை இறக்கலாம் என்று கணக்குப் போடுகிறார். குடிநீர் வாரியப் பொறியாளருக்கு அது கோடையைத் தாண்டுவோமா என்ற கவலை. வயலைக் குத்தகைக்குப் பிடித்தவருக்கு அது வாங்கிய கடனின் எதிர்காலம். அணைப் பொறியாளர் அனுப்பிய எண் ஒன்றே ஒன்று. தாமிரபரணி ஆற்றோரமாக அது இறங்கி வரும்போது, கேட்கிறவர் ஒவ்வொருவரிடமும் வேறு பொருள் கொள்கிறது.

தகவல் அமைப்புகளை ஆராய்வது என்று நான் சொல்வது இதைத்தான். அளவுகோல், பதிவேடு, தொலைபேசி, கணினி, செயலி எல்லாம் அதில் அடக்கம். அவற்றை நிரப்புகிறவர், திறந்து பார்க்கிறவர், நம்புகிறவர், நம்பாமல் பக்கத்து வயல்காரரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்கிறவர் எல்லாரும் அதில் அடக்கம். கருவியைச் சோதிக்க ஆய்வுக்கூடம் போதும். அந்த மனிதர்களைப் புரிந்துகொள்ள அவர்களோடு போய் உட்கார வேண்டும். அப்படி உட்காரக் கற்றுக்கொடுப்பதுதான் பண்புசார் ஆய்வு. நம் பொறியியல், கணினி, மேலாண்மைத் துறைகளில் அதற்கு இன்றும் உரிய இடம் இல்லை. அந்த இடம் கிடைக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கவலை.

உலக அளவிலேயே இந்த உண்மை தாமதமாகத்தான் ஏற்கப்பட்டது. தகவல் அமைப்பு ஆய்வு தனித் துறையாக வளர்ந்த காலத்தில், நிறுவனங்களுக்கு வினாத்தாள் அனுப்பி, வந்த விடைகளைப் புள்ளியியலில் இட்டுப் பார்ப்பதே ஆய்வு எனப்பட்டது. 1984இல் மான்செஸ்டரில் கூடிய ஆய்வாளர்கள், இந்த ஒரே வழி போதுமா என்று வெளிப்படையாகக் கேட்டார்கள். 1983 முதல் 1988 வரை அத்துறையில் வெளிவந்த 155 கட்டுரைகளை ஒர்லிகோவ்ஸ்கியும் பரூடியும் வகைபிரித்து 1991இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். நூற்றுக்குச் சுமார் 97 கட்டுரைகள் இயற்கை அறிவியலின் அளவிடும் முறையைப் பின்பற்றியவை. மனிதர்கள் அந்த அமைப்புக்கு என்ன பொருள் கொடுத்தார்கள் என்று கேட்டவை மூன்று விழுக்காடுதான்.

அதற்குள்ளேயே சிலர் வேறு பாதையில் போய்விட்டிருந்தார்கள். ஷோஷனா சுபாஃப் காகித ஆலைகளுக்குப் போனார். கூழைக் கையால் தொட்டு, மணத்தை முகர்ந்து பக்குவம் சொல்லிவந்த தொழிலாளி, கண்ணாடி அறைக்குள் திரைமுன் உட்கார வைக்கப்பட்டபோது அவருடைய அறிவுக்கு என்ன நேர்ந்தது என்று பார்த்து 1988இல் நூலாக்கினார். ஜூலியன் ஓர் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பழுதுநீக்குவோருடன் சுற்றினார். கையேட்டில் இல்லாத கோளாறுகளை அவர்கள் ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டே ஒருவருக்கொருவர் கதையாகச் சொல்லித்தான் தீர்த்தார்கள் என்று கண்டார். கேம்பிரிட்ஜின் ஜெஃப் வால்ஷம் இந்தப் பொருள்கோள் ஆய்வுக்கு 1993இலும் 1995இலும் உறுதியான அடித்தளம் இட்டார். 1999இல் ஹெய்ன்ஸ் கிளைனும் மைக்கேல் மையர்ஸும் இத்தகைய கள ஆய்வை மதிப்பிட ஏழு நெறிகளை வகுத்தார்கள். பகுதியையும் முழுமையையும் மாறிமாறிப் பார்த்தல், சூழலில் வைத்துப் பார்த்தல், ஆய்வாளரும் தகவலாளியும் ஒருவரையொருவர் எப்படி மாற்றுகிறார்கள் என எண்ணுதல், ஒரே நிகழ்வுக்குப் பல விளக்கம் இருக்கக்கூடும் என ஏற்றல், சொல்லப்படுவதன்மேல் ஐயம் கொள்ளுதல் ஆகியவை அவற்றில் முக்கியமானவை.

இந்த ஏழு நெறிகளைப் பாடப்புத்தகத்தில் படிக்கும் மாணவருக்கு அவை மேற்கிலிருந்து வந்த புதுச் சரக்காகத் தோன்றும். தாமிரபரணிக் கரையில் அவற்றில் பெரும்பாலானவை முன்பே நடைமுறையில் இருந்தன.

கில்பர்ட் ஸ்லேட்டர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியர். 1916இல் அவர் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். யாரிடம் எவ்வளவு நிலம், என்ன கூலி, என்ன கடன், யார் ஊரைவிட்டுப் போனார்கள் என்று விசாரித்து எழுதச் சொன்னார். அது 1918இல் நூலாக வெளிவந்தது. அதில் இடம்பெற்ற கிராமங்களில் ஒன்று திருநெல்வேலிக்கு வடக்கே சிற்றாற்றங்கரையில் உள்ள கங்கைகொண்டான். 1930களின் நடுவில் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே கிராமங்களை மறுபடி ஆராய்ந்தார்கள். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துக்காக வெங்கடேஷ் ஆத்ரேயா கங்கைகொண்டானை மீண்டும் ஆராய்ந்தார். ஒரே ஊரை வெவ்வேறு தலைமுறை திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தது அரிய செயல். இன்று அதே கங்கைகொண்டானில் சிப்காட் தொழிற்பேட்டையும் எல்காட்டின் தகவல் தொழில்நுட்பப் பூங்காவும் இருக்கின்றன. 1916இல் ஏர், மாடு, கடன் என்று எண்ணப்பட்ட ஊரில் இன்று என்ன கேட்க வேண்டும்? யார் வீட்டில் எந்தக் கைப்பேசி, யார் பெயரில் எந்தக் கடவுச்சொல், யாருடைய விவரம் யாருடைய பதிவேட்டில் என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விகளோடு அடுத்த தலைமுறை ஆய்வாளர் போக வேண்டிய வேளை இது.

ஸ்லேட்டர் மாணவர்களின் குறிப்பை வாசிக்கும்போது இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்நாளில் பல்கலைக்கழகம்வரை வர முடிந்தவர்கள் யார் என்பதை வைத்தே, அவர்கள் ஊரில் எந்தத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டிருப்பார்கள் என்று ஊகிக்கலாம். வயலில் நின்றவரின் விடை அந்தத் திண்ணைக்கு எவ்வளவு வந்து சேர்ந்திருக்கும்? ஆய்வாளரும் தகவலாளியும் ஒருவர்மேல் ஒருவர் செலுத்தும் பாதிப்பை எண்ணு என்று கிளைனும் மையர்ஸும் சொல்வது நம் ஊரில் மிக உடனடியான பொருள் கொண்டது. நெல்லைச் சீமையில் கள ஆய்வுக்குப் போகிற எவரிடமும் முதலில் கேட்கப்படும் கேள்வி, "எந்த ஊரு, யாரு மவன்?" என்பதே. கேட்பவர் அறிய விரும்புவது சாதியை. அந்த விடைக்கு ஏற்பத் திண்ணை அமையும். திண்ணைக்கு ஏற்பப் பேச்சு அமையும். இதைத் தன் குறிப்பேட்டில் எழுதாத ஆய்வாளர், தான் கேட்டதில் பாதியை மறைக்கிறார்.

ஸ்லேட்டருக்கு அடுத்து இங்கே சொல்ல வேண்டியவர் நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை. தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திக்கொண்டே 1967இல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கினார். 1969இல் 'ஆராய்ச்சி' இதழைக் கொண்டுவந்தார். கல்விக்கூடத்துக்கு வெளியே, பள்ளி ஆசிரியர்களையும் தொழிற்சங்கக்காரர்களையும் மாணவர்களையும் கூட்டிவைத்து ஆய்வு செய்யப் பழக்கினார். ஆ. சிவசுப்பிரமணியன் போன்றவர்கள் அந்தப் பள்ளியிலிருந்து வந்தவர்கள். வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன் கதை பாபநாசம் மலையடிவாரத்தைச் சேர்ந்தது. பிராமணரான முத்துப்பட்டன் வாலப்பகடையின் இரண்டு மகள்களை மணந்து, மாடு திருட வந்தவர்களோடு போரிட்டு இறந்தவர். சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக இன்றும் அவருக்குச் செருப்புகளைக் காணிக்கையாக வைக்கிறார்கள். அந்தக் கதையின் ஒரு வடிவத்தில், அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணக் குழந்தைகள், காட்டில் கண்டெடுத்து வளர்க்கப்பட்டவர்கள் என்று வரும். வானமாமலை இதைப் பிற்காலச் சேர்க்கை என்றார். சாதி மீறிய மணத்தைத் தாங்க முடியாதவர்கள் கதையைத் திருத்தியிருக்கிறார்கள் என்பது அவர் முடிவு.

இது நாட்டார் கதையைப் பற்றிய ஆய்வுதானே, கணினிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் நேரடியானது. ஒரே பதிவுக்கு இரண்டு வடிவங்கள் கிடைக்கும்போது, 'எது சரி' என்று தீர்ப்புச் சொல்வதோடு வானமாமலை நிற்கவில்லை. எந்த வடிவம் யாருக்குத் தேவைப்பட்டது, எப்போது திருத்தப்பட்டது, திருத்தத்தால் யாருக்கு லாபம் என்று கேட்டார். பட்டாவில் ஒரு பெயர் மாறியிருப்பதை ஆராய வருகிறவர் கேட்க வேண்டிய கேள்விகளும் இவையே.

பட்டா என்றதும் இந்தப் பள்ளத்தாக்கில் எல்லார் வாயிலும் வரும் சொல் 'யு.டி.ஆர். தப்பு'. 1980 நவம்பர்வரை ஊர்க் கணக்கு பரம்பரைக் கர்ணத்தின் கையில் இருந்தது. எந்த வயல் யாருடையது என்பது அவர் கட்டில் இருந்தது. கட்டில் இல்லாதது அவர் நினைவில் இருந்தது. அந்த நினைவு நடுநிலையானதன்று. அவர் வீட்டு வாசலில் கைகட்டி நிற்க வேண்டியவர் யார், உள்ளே போய் உட்காரக்கூடியவர் யார் என்ற சாதிக் கணக்கும் அதில் கலந்திருந்தது. பரம்பரைப் பதவிகளை ஒழித்தது நல்ல காரியம். அதே காலத்தில், 1979 முதல் 1987 வரை, யு.டி.ஆர். எனப்படும், நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் பெரும் வேலை தமிழகமெங்கும் நடந்தது. அந்த அவசரத்தில் தகப்பனார் பெயர் மாறியது, கூட்டுப்பட்டாவில் ஒருவர் விடுபட்டது, அனுபவத்தில் இருந்த நிலம் புறம்போக்கு ஆனது. பின்னாளில் பதிவேடுகள் கணினிக்குப் போனபோது அந்தப் பிழைகளும் கூடவே போயின. இன்று இணையத்தில் சிட்டா எடுப்பவர் திரையில் பார்க்கும் தவறு, மென்பொருளில் பிறந்ததன்று. நாற்பது ஆண்டுக்கு முன்னால், யாரோ ஒரு மேசையில், யாரோ சொல்லக் கேட்டு எழுதியதில் பிறந்தது. மென்பொருளின் நிரலை எத்தனை முறை சோதித்தாலும் அது அகப்படாது. அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்களில் எஞ்சியிருப்பவர்களைத் தேடிப் போய்க் கேட்டால் அகப்படும். அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.

அளவையும் இங்கே சிக்கல். பட்டாவில் ஹெக்டேர், ஏர். பத்திரத்தில் ஏக்கர், செண்ட். வயலில் நிற்கும் பெரியவர் வாயில் 'மூணு மரக்கா வெதப்பாடு'. எங்கே இருக்கிறது என்று கேட்டால், சர்வே எண்ணைச் சொல்ல மாட்டார். கிழக்கே யார் வயல், மேற்கே எந்த வாய்க்கால், தெற்கே யார் வீட்டுத் தென்னை என்று நான்கெல்லை சொல்வார். வால்ஷமும் சுந்தீப் சஹாயும் 1990களில் இந்திய மாவட்ட நிர்வாகங்களில் புவியியல் தகவல் அமைப்பை நிறுவும் முயற்சிகளை ஆராய்ந்தபோது இதைப் போன்ற ஒன்றைக் கண்டார்கள். வரைபடம் பார்த்து முடிவெடுக்கும் பழக்கம் இல்லாத அலுவலகங்களில், வரைபடத்தை நம்பிச் செய்த மென்பொருள் வேரூன்றவில்லை. இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் முறையே வேறாக இருந்தது.

இனி ஒரு காட்சியைக் கிட்டத்தில் பார்ப்போம். முக்கூடலோ ஏரலோ, எந்த ஊர் இ-சேவை மையத்திலும் ஒரு காலைப் பொழுது உட்கார்ந்தால் இது கண்ணில் படும். கணவரை இழந்த ஒரு வயதான அம்மா வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பிக்க வந்திருக்கிறார். மஞ்சள் பையில் ஆதார், குடும்ப அட்டை, இறப்புச் சான்று. கணினிமுன் இருக்கும் பெண் தட்டச்சு செய்து முடித்ததும் கடவு எண் கேட்கிறது.

"ஆச்சி, போனுல ஆறு நம்பரு வந்துருக்கும், பாத்துச் சொல்லுங்க."

"போனு எங்கிட்ட எங்க இருக்கு தாயி? மவன் நம்பரத்தான குடுத்திருக்கு."

மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். வரிசையில் நிற்கும் ஒருவர் தன் கைப்பேசியைக் கொடுக்கிறார். "எய்யா, ஒனக்கு என்னமோ நம்பரு வந்துருக்காம்லா, அத வாசிச்சுச் சொல்லு." மகன் சொல்ல, அம்மா ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்ல, அந்தப் பெண் அடிக்கிறார். பிறகு பக்கத்தில் இருக்கும் நீளக் கணக்கு நோட்டை இழுத்து, விண்ணப்ப எண்ணையும் ஆச்சியின் தெருவையும் 'மகன் திருப்பூர்' என்பதையும் எழுதிக்கொள்கிறார். ஒப்புகைச் சீட்டு தொலைந்துபோகும் என்று அவருக்குத் தெரியும்.

கணினியின் பதிவில் இது எப்படி இருக்கும்? விண்ணப்பதாரர் தம் கைப்பேசிக்கு வந்த எண்ணைக் கொடுத்து உறுதிசெய்தார் என்று ஒற்றை வரி இருக்கும். உண்மையில் நான்கு பேர், இரண்டு கைப்பேசி, இரண்டு ஊர். அமைப்பை வடிவமைத்தவர் மனத்தில் 'பயனர்' என்பவர் தனி ஒருவர். அவரிடம் ஒரு கைப்பேசி உண்டு, அவருக்கு வாசிக்கத் தெரியும். இங்கே பயன்படுத்துவது குடும்பம். அதற்குத் துணையாக வரிசையில் நிற்கும் அறிமுகமில்லாதவர். அந்த நீளக் கணக்கு நோட்டு அரசின் எந்த ஆவணத்திலும் இல்லாத, ஆனால் அது இல்லாமல் மையம் ஓடாத இன்னொரு தகவல் அமைப்பு. நூறு மையங்களுக்கு வினாத்தாள் அனுப்பினாலும் அந்த நோட்டைப் பற்றிய கேள்வி அதில் இருக்காது. அப்படி ஒரு நோட்டு உண்டு என்பதே போய் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். விண்ணப்பம் பிறகு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று படியேறும். ஒவ்வொரு படியிலும் திரைக்கு வெளியே ஒரு விசாரணை, ஒரு தொலைபேசிப் பேச்சு, ஒரு சாட்சி உண்டு. ஆராய வேண்டியது அந்த வழி முழுவதையும்.

ஆராயாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மதுரை மாவட்டம் மேலூர் சாட்சி. 2001இல் சென்னை ஐஐடி, ஹார்வர்டு, எம்ஐடி ஆகியவை சேர்ந்த சாரி திட்டத்தின்கீழ் அங்கே கிராமங்களில் கம்பியில்லா இணைப்புடன் கணினி நிலையங்கள் வந்தன. பிறப்பு, வருமான, சாதிச் சான்றுகளுக்கு ஊரிலிருந்தே விண்ணப்பிக்க வழி பிறந்தது. தொடக்கத்தில் நன்றாகவே நடந்தது. ராஜேந்திர குமாரும் மைக்கேல் பெஸ்ட்டும் அதைத் தொடர்ந்து கவனித்து 2006இல் எழுதினார்கள். ஆதரவாக இருந்த அதிகாரிகள் மாற்றலாகிப் போன பிறகு நிலையங்கள் வழியான அரசுச் சேவை தளர்ந்து நின்றது. கருவி பழுதாகவில்லை. அலுவலகத்தில் அதைத் தாங்கிப் பிடித்திருந்த மனித ஏற்பாடு கலைந்துவிட்டது. நிலையங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் இது வெற்றிக் கதையாகவே கோப்பில் இருந்திருக்கும்.

இந்த வேலையை எப்படிக் கற்பது? கற்பவர் முதலில் விட வேண்டியது ஐந்து புள்ளி வினாத்தாளின்மேல் உள்ள பற்றை. "இந்தச் சேவை உங்களுக்குப் பயனுள்ளதா?" என்று கேட்டால் நம்மவர்கள், வந்த பிள்ளை மனம் கோணக் கூடாது என்று, "நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். மாணவர் 'மிகவும் ஒப்புகிறேன்' என்ற கட்டத்தில் குறியிடுவார். அதே ஆளிடம், "கடைசியா எப்பப் போனீங்க? யாரு கூட வந்தா? என்னென்ன கொண்டு போனீங்க? எத்தனை மணிக்குத் திரும்பினீங்க?" என்று நடந்ததைக் கேட்டால் கதை வரும். கருத்தைக் கேட்காதே, நிகழ்ச்சியைக் கேள் என்பது முதல் பாடம். விடை முடிந்ததும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாமல் சும்மா இருப்பது இரண்டாம் பாடம். அந்த மௌனத்தை நிரப்பத்தான் பலர் உண்மையான விஷயத்தைச் சொல்லத் தொடங்குவார்கள்.

அன்றிரவே எழுதிவிட வேண்டும். கண்டது, கேட்டது, நான் நினைப்பது என்ற மூன்றையும் தனித்தனியே எழுதப் பழக வேண்டும். புதிதாகக் கற்பவரின் குறிப்பேட்டில் இவை மூன்றும் கலந்தே இருக்கும். "அலுவலர் அலட்சியமாக இருந்தார்" என்று எழுதுவது நினைப்பு. "நாற்பது பேர் காத்திருக்கையில் அலுவலர் தொலைபேசியில் மேலதிகாரிக்குப் புள்ளிவிவரம் சொல்லிக்கொண்டிருந்தார்" என்பது கண்டது. இரண்டாவதை எழுதியவருக்கு, அலட்சியம் என்ற முடிவே தவறாக இருக்கலாம் என்று பிறகு தோன்றும். முதலாவதை எழுதியவருக்கு அந்த வழி அடைபட்டுவிடும்.

பேச்சைப் பேசியபடியே எழுதி, வரி வரியாக வாசித்து, ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டு, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, அதிலிருந்தே கருத்தை வளர்க்கும் முறையைக் கிளேசரும் ஸ்ட்ராஸும் 1967இல் நூலாக்கினார்கள். அதற்கு முன் அவர்கள் ஆராய்ந்தது மருத்துவமனையில் இறந்துகொண்டிருந்தவர்களை. தான் பிழைக்க மாட்டேன் என்பது நோயாளிக்குத் தெரியுமா, தெரிந்தும் தெரியாததுபோல் இருக்கிறாரா, செவிலியருக்குத் தெரிந்தது குடும்பத்துக்குத் தெரியுமா என்று கவனித்தார்கள். ஒரு தகவல் யாரிடம் இருக்கிறது, யாரிடமிருந்து மறைக்கப்படுகிறது என்பதைப் பற்றிய ஆய்வு அது. இன்று தகவல் அமைப்பு மாணவர்கள் கற்கும் முறை அந்தப் படுக்கையருகில் பிறந்தது என்பதை அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

எழுதியதை, சொன்னவரிடமே கொண்டுபோய் வாசித்துக் காட்டுவது அடுத்த படி. அது மரியாதை, திருத்தம் வருவதும் அங்கேதான். ஒப்புதல் வாங்குவதிலும் நம் ஊர் நிலையை நினைக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட தாளால் நிலத்தை இழந்த நினைவுள்ள குடும்பத்திடம் ஆங்கிலப் படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்பது அறமாகாது. எதற்காகக் கேட்கிறோம், எங்கே போகும், எதை எழுத மாட்டோம் என்று வாயால் சொல்லி, அவர் வாயால் சம்மதம் பெற வேண்டும். இ-சேவை மையத்தில் உட்காரும் ஆய்வாளரின் கண்ணில் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் படும். கண்டதில் எழுதக் கூடாதவை உண்டு என்பதையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும்.

இரண்டு ஊரைப் பார்த்துவிட்டுப் பொதுவாகப் பேசலாமா என்ற கேள்வி ஆய்வேடு வாய்மொழித் தேர்வில் தவறாமல் வரும். நியாயமான கேள்வி. எத்தனை விழுக்காடு என்று இந்த ஆய்வு சொல்லாது. அதற்குக் கணக்கெடுப்பு வேண்டும். ஆனால் எதை எண்ண வேண்டும் என்று கணக்கெடுப்புக்குச் சொல்வது இதுதான். குடும்பமே பயனர் என்பது ஒரு மையத்தில் கிடைத்த கருத்தானாலும், அதை எடுத்துக்கொண்டு எந்த மாவட்டத்திலும் சோதிக்கலாம். வால்ஷம் 1995இல் சொன்ன விடை இதுவே: ஒரு களத்திலிருந்து ஒரு கருத்தாக்கமோ கோட்பாடோ பொதுவாகும்.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களை நினைத்தால் இந்த ஆய்வின் தேவை இன்னும் தெளிவாகும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரைபுரண்டது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் விரைவு ரயில் பயணிகளோடு நின்றுபோனது. மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் அற்றுப்போன ஊர்கள் பல. எச்சரிக்கை எத்தனை மணிக்கு அனுப்பப்பட்டது என்பதைக் கணினிப் பதிவு சொல்லும். அது யார் காதில் விழுந்தது, கேட்டவர் நம்பினாரா, நம்பியவர் எங்கே போக முடிந்தது, கைப்பேசி ஓய்ந்த பிறகு செய்தி யார் கால்வழியே எந்தத் தெருவுக்குப் போனது, எந்தத் தெருவுக்குப் போகவில்லை என்பதை அது சொல்லாது. அவற்றைச் சொல்லக்கூடியவர்கள் ஏரலிலும் ஆழ்வார்திருநகரியிலும் ஆற்றோர ஊர்கள் எல்லாவற்றிலும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை ஒழுங்காகக் கேட்டு எழுதாமல் அடுத்த எச்சரிக்கை அமைப்பை வடிவமைப்பது பொறுப்பற்ற செயல்.

இதற்கு வேண்டியதெல்லாம் இந்தப் பள்ளத்தாக்கிலேயே இருக்கிறது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் தே. லூர்து வளர்த்த நாட்டார் வழக்காற்றியல் மரபு இருக்கிறது. 1990இல் தொடங்கிய, அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில், அழகர் கோயிலைக் களத்தில் நின்று ஆராய்ந்த தொ. பரமசிவன் தமிழ்த் துறையில் கற்பித்தார். சுற்றிலும் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. கணினி மாணவர்கள் சான்றிதழ் மென்பொருளைப் படிக்கிறார்கள். வழக்காற்றியல் மாணவர்கள் மனிதர்களிடம் கேட்கப் படிக்கிறார்கள். இரு சாராரும் ஒரே பேருந்தில் வந்தாலும் ஒரே வகுப்பில் உட்கார்வதில்லை.

ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இது. கணினி, மேலாண்மை முதுகலையில் கள ஆய்வுக்கு ஒரு பருவம் ஒதுக்குங்கள். அதை நடத்த வழக்காற்றியல், சமூகவியல் ஆசிரியர்களை அழையுங்கள். மாணவர் களக்குறிப்பைத் தமிழில் எழுதட்டும். கேட்ட பேச்சைக் கேட்டபடியே எழுதட்டும். பெயர் அடையாளங்களை நீக்கி அந்தக் குறிப்புகளைக் கல்லூரி நூலகத்தில் சேர்த்து வையுங்கள். ஸ்லேட்டரின் மாணவர்கள் எழுதிவைத்ததால்தான் கங்கைகொண்டானைப் பின்வந்தவர்கள் ஒப்பிட முடிந்தது.

இதை வாசிக்கிறவர் கிராம நிர்வாக அலுவலராகவோ, மைய ஊழியராகவோ, மடைக் கணக்குத் தெரிந்த சம்சாரியாகவோ இருக்கலாம். ஒரு மாணவர் நோட்டும் பேனாவுமாக வந்து, "அண்ணாச்சி, இது எப்படி நடக்குதுன்னு சொல்லுங்க" என்று கேட்டால், அவரை உட்கார வைத்து, நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். அவர் எழுதிக்கொண்டு போவது நாளைக்கு உங்களுக்காகச் செய்யப்படும் அமைப்பின் முதல் வரைவு.